சொரசொரப்பான பக்கம்

கொழுந்தன் சுத்தியலை ஓங்கினான்.

"தம்பி, அதை உடைச்சீங்கன்னா உங்க மண்டையை உடைப்பேன்."

கணவர் கண்ணை மூடியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்த இடத்தைச் சுற்றி எழுந்த அழுகை சட்டென்று நின்றது.

"அண்ணி, வாசப்படிகிட்ட குழி கிடக்கு. அண்ணனைத் தூக்கிட்டுப் போறப்ப யாராவது இடறிட்டா? இந்தக் கல்லு ஒரு மூலையைத் தட்டுனா உக்காந்துடும்."

கொழுந்தன் கொத்தனார்; கொத்தனாருக்கு எதுவுமே தட்டினால் உட்கார்ந்துவிடும்.

அவள் கணவரோ குமாஸ்தா. சதுரக் கல் போட்ட வீட்டைக் கண்டாலே அவருக்குக் கொட்டாவி வரும். ஐந்து பக்கமும் சமமான ஐங்கோணத்தை அடுக்கினால் நடுவில் சந்து விழும். கோணல்மாணலான ஐங்கோணம் ஒன்று அகப்பட்டால் உலகத்தையே சந்தில்லாமல் மூடலாம் என்று வருஷக்கணக்காகக் காகிதம் வெட்டினார். அகப்பட்டும் விட்டது. ஒரே அச்சில் கூடத்துக்கு வேண்டிய ஓட்டுக் கல்லையெல்லாம் வார்த்து, ஒரு பக்கம் பச்சை மெருகேற்றிச் சுட்டு வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, பாதிக் கல்லைக் குப்புறப் போட்டால்தான் பொருந்தும் என்று. காகிதத்துக்கு ஏது முன்பக்கமும் பின்பக்கமும்!

அப்படியே பதித்தார். பாதிக் கூடம் பச்சைப் பளபளப்பு, பாதி சொரசொரப்பு. பால் சிந்தினால் தரையே குடித்துவிடும். அவள் திட்டாத நாளில்லை. வாசப்படியருகே ஒரு கல் இன்னும் பதிக்காமல் கிடந்ததற்கு நேற்றும் திட்டினாள். "ஒரே ஒரு கல்லுதானே, ஞாயித்துக்கிழமை போட்டுடறேன்" என்றார். மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மனுஷன், அதைப் போட்டுவிட்டுச் சாய்ந்திருக்கக் கூடாதா?

"பைத்தியக்காரத் தரை அண்ணி. காரியமெல்லாம் முடியட்டும், மொத்தத்தையும் பேத்துட்டு நானே நல்ல கல்லாப் போட்டுத் தரேன்."

"யாரைப் பைத்தியம்ங்கறீங்க? அவரைத் திட்டறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன். நீங்க வாயை மூடுங்க."

கல்லைப் பிடுங்கிக்கொண்டு குழியருகே மண்டியிட்டாள்.

"பச்சையை மேல வெச்சா எப்படிப் பொருந்தும்? எத்தனை தடவை சொல்றது?"

யாரிடம் கேட்கிறாள் என்று கொழுந்தனுக்குப் புரியவில்லை. கலவையை நிரவிக் கொடுத்தான். அவள் கல்லைக் குப்புறத் திருப்பி வைத்தாள். ஐந்து பக்கமும் பக்கத்துக் கல்லோடு ஒட்டிக்கொண்டன.

அவரைத் தூக்கிக்கொண்டு நால்வர் வாசலை நெருங்கினார்கள்.

"மிதிக்காதீங்க!" அவள் கத்தினாள். "ஈரமா இருக்கு, கண்ணு தெரியலையா?"

நால்வரும் ஒருவர் பின் ஒருவராகக் காலை உயரத் தூக்கி அந்த ஒற்றைக் கல்லைத் தாண்டினார்கள். அவர் மெல்ல ஆடியபடி வெளியே போனார்.