நாற்பத்தெட்டு எலிகள், நான்கு நாள் விடுமுறை

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. மூளைச் சிறப்பிதழுக்கு ஒரு கதை வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். தருகிறேன், ஆனால் அது குடலில்தான் நடக்கும் என்றேன். "குடலா?" என்றார். குடல்தான், அதிலும் முக்கியமாக மலம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கழிவுன்னு போட்டுக்கலாமா சார்?"

போட்டுக்கொள்ளலாம். ஆனால் எலிகள் அதைக் கழிவென்று நினைப்பதில்லை, தின்கின்றன. கதையே அங்கேதான் இருக்கிறது.

முதல் வரியை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

'தேஜன் நகரத்தின் மேல் இலையுதிர்கால வெயில்—' வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

'சுன்-ரேவுக்கு எலிகளைக் கண்டாலே—' பொய். அவளுக்கு எலிகளைப் பிடிக்கும். அதனால்தான் இத்தனை வினையும்.

'பக்கவாதம் வந்தவரின் குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள்—' இது பாடப்புத்தகம்.

சரி, நேராகவே சொல்லித் தொலைக்கிறேன். தென்கொரியாவில், தேஜன் நகரில் ஓர் ஆய்வுக் கட்டடம். பெயர் வேண்டாம். அதன் கீழ்த்தளத்தில் எலி அறை. அங்கே பதினோரு வருடமாகக் கூண்டு மாற்றி, தீனியும் தண்ணீரும் வைப்பவள் பியோன் சுன்-ரே, வயது ஐம்பத்தாறு. (கதைக்காக 'அவள்' என்கிறேன். நேரில் எனக்கு அக்கா.) நான் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் நுண்ணோக்கிகளைப் பராமரிப்பவன். இந்த நாட்டுக்கு ஆய்வு மாணவனாக வந்தேன். ஆய்வு முடியவில்லை. நான் மட்டும் பதினாறு வருடமாக இங்கேயே இருக்கிறேன்.

2

அறிவியலைச் சொல்லாமல் நகர முடியாது. சீக்கிரம் முடித்துவிடுகிறேன், கொட்டாவி விடாதீர்கள்.

பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போவது நின்றுவிடுகிறது. இது ஊருக்கே தெரியும். அடுத்த சில நாளில் குடலும் கெட்டுப்போகிறது என்பது பலருக்குத் தெரியாது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டம் தாறுமாறாகிறது. குடல்சுவர் ஒழுகத் தொடங்குகிறது. நோயை எதிர்க்க வேண்டிய உயிரணுக்கள் குடலிலிருந்து கிளம்பி மூளைக்குப் போகின்றன. போனவை காயத்தை ஆற்றினால் பரவாயில்லை. அங்கே சண்டையைக் கிளப்பி, நன்றாக இருக்கிற மூளை உயிரணுக்களையும் சேர்த்து அடிக்கின்றன. தீயணைக்க வந்தவர்கள் பக்கத்து வீட்டுக் கூரையையும் பிரித்துப் போட்ட மாதிரி. (இந்த உவமை ஆய்வகத் தலைவி டாக்டர் யோமுடையது. எனக்கு இதைவிட நல்லதாகக் கிடைக்கவில்லை.)

நல்ல நுண்ணுயிர்களைக் குடலில் திரும்பக் குடியேற்றினால் சண்டை அடங்குமா, மூளை தேறுமா? இது டாக்டர் யோமின் கேள்வி. நாற்பத்தெட்டு கிழட்டு எலிகளுக்கு அறுவை செய்து பக்கவாதம் வரவைத்தார்கள். பாதி எலிகளுக்கு, ஆரோக்கியமான இளம் எலிகளின் மலத்தை (ஆசிரியர் மன்னிக்கவும்) உப்புநீரில் கரைத்துப் புகட்டினார்கள். அவற்றின் கூண்டில் நீலச் சீட்டு. மறுபாதிக்கு வெறும் உப்புநீர், மஞ்சள் சீட்டு. ஆறு வாரம் கழித்து எலியின் முன்பாதத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டுவார்கள். அது எவ்வளவு சீக்கிரம் பிய்த்துப் போடுகிறதோ அவ்வளவுக்கு மூளை தேறியிருக்கிறது என்று கணக்கு.

ஒவ்வொரு எலிக்கும் தனிக்கூண்டு. ஏனென்றால் சேர்ந்திருக்கும் எலிகள் ஒன்றின் மலத்தை மற்றது தின்னும். இதன் நுண்ணுயிர் அதன் குடலுக்குப் போய்விடும். பிறகு நீலமாவது மஞ்சளாவது.

இதை யாரும் சுன்-ரேவுக்குச் சொல்லவில்லை. 'தனியாக வைக்க வேண்டும்' என்று மட்டும் சொன்னார்கள். ஏன் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்கும். தரை துடைப்பவளுக்கு எதற்குக் காரணம் என்று நினைத்திருப்பார்கள். இங்கே எனக்கு ஏறுகிற கோபம் கதைக்கு உதவாது. அடுத்த பகுதி.

3

சுன்-ரேவின் கணவர் தக் பியோங்-சு, நகரப் பேருந்து ஓட்டியவர். போன வருடம் பல் துலக்கும்போது பக்கவாதம் வந்தது. வலக்கை தொங்கிப்போனது. பேச்சில் 'விடு' என்ற ஒரு சொல்தான் மிச்சம். பசித்தாலும் விடு, கோபம் வந்தாலும் விடு. எலி ஆய்வு வெற்றி பெற்றால் இதே சிகிச்சையை மனிதர்களிடம் சோதிக்க எதிரிலிருந்த மருத்துவமனை ஒரு பட்டியல் எடுத்தது. அதில் ஏழாவது பெயர் பியோங்-சு. நீங்கள் மற்றதையெல்லாம் மறந்தாலும் இந்த ஏழாவது பெயரை மறக்காதீர்கள். சுன்-ரே அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அறுவை முடிந்த பத்தாம் நாள் சுசோக், இங்கத்திய அறுவடைப் பண்டிகை. நான்கு நாள் விடுமுறை. கட்டடமே ஊருக்குப் போய்விட்டது. எலிகளுக்கு விடுமுறை கிடையாது, ஆகவே சுன்-ரேவுக்கும் கிடையாது. பியோங்-சுவை அவர் தங்கை வந்து அழைத்துப் போயிருந்தாள்.

அன்றைக்கு யாரும் தனியாகச் சாப்பிடக் கூடாது. இங்கே அதை யாரும் விதி என்று சொல்வதில்லை, ஆனால் மீறுவதும் இல்லை. பக்கத்தில் ஒண்டிக்கட்டை யாராவது இருந்தால் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பார்கள்.

எலி அறையில் சுன்-ரே தனியாக இருந்தாள். மஞ்சள் சீட்டுக் கூண்டு ஒன்றில் ஒரு எலி மூலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

"என்னடி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? உனக்கு மட்டும்தான் வந்திருக்காக்கும். எங்க வீட்லயும் ஒண்ணு இப்படித்தான் செவுத்தப் பாத்து உக்காந்திருக்கு."

எலி திரும்பவில்லை.

"சரி, பண்டிகையும் அதுவுமா தனியா திங்காத. இந்தா, இவளும் உன்ன மாதிரிதான்."

பக்கத்து நீலக் கூண்டிலிருந்த எலியைத் தூக்கி அதனோடு விட்டாள். ஒன்றைச் சேர்த்துவிட்டு மற்றதை எப்படி விடுவது? இருபத்துநாலு ஜோடிகள். நான்காம் நாள் மாலை, காதிலிருந்த அடையாளம் பார்த்து ஒன்றுகூட மாறாமல் அதனதன் கூண்டில் திருப்பி வைத்தாள். பதிவேட்டில் எழுதவில்லை. விருந்தை யார் பதிவேட்டில் எழுதுவார்கள்?

[எலிகளைச் சேர்த்துவிட்டால் கடித்துக் குதறுமே, எழுத்தாளருக்கு எலியே தெரியவில்லை என்று கடிதம் போடப்போகும் வாசகருக்கு: எல்லாம் பெண் எலிகள். கடிதம் வேண்டாம்.]

4

ஆறு வாரம் கழித்து நாற்பத்தெட்டு எலிகளும் ஒட்டுநாடாவைச் சட்டென்று பிய்த்துப் போட்டன. நீலம், மஞ்சள் இரண்டும் ஒன்றுபோல. "இந்தத் தடவை அறுவையில வந்த பக்கவாதமே லேசா இருந்திருக்கு, அதான் எல்லாம் தேறிடுச்சு, மருந்தால எந்த வித்தியாசமும் இல்ல" என்றார் டாக்டர் யோம். ஆய்வை மூடச் சொல்லி, ஆய்வுகளுக்கு அனுமதி தரும் குழுவுக்குப் பரிந்துரை எழுதினார். எதிர் மருத்துவமனை பட்டியலைக் கைவிட்டது.

தனிக்கூண்டு எதற்கு என்று சாப்பாட்டு மேசையில் சுன்-ரேவுக்குச் சொன்னது நான்தான். கரண்டியைச் சூப்பிலேயே விட்டுவிட்டாள்.

"அப்ப மருந்து வேலை செஞ்சிருக்கு."

"ஆமாக்கா."

"பக்கத்துல இருந்தவளுக்கும் சேத்து வேலை செஞ்சிருக்கு."

"ஆமா."

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொன்னாள். "உங்க பேரு போச்சுங்க. நான்தான் கெடுத்தேன். எலிக்கு விருந்து வச்சுக் கெடுத்தேன்."

"விடு" என்றார்.

"எத விட? எத விடச் சொல்றீங்க? ஒரு நாளாவது வேற ஏதாவது சொல்லித் திட்டுங்களேன்."

அவர் இடக்கையால் அவளுடைய முழங்காலைத் தட்டினார். அது ஆறுதலா, சும்மா இரு என்பதா, அவளுக்குத் தெரியவில்லை. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று நீங்களும் நினைக்காதீர்கள்.

5

கட்டடத்தின் பின்புறம் ஒரு கருங்கல் இருக்கிறது. ஆய்வில் செத்த உயிர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை அதன் முன் படையல். பேரிக்காய், அரிசிப் பலகாரம், ஒரு தட்டில் எலித்தீனி. எல்லாரும் வரிசையாக நின்று குனிந்து வணங்குவோம். இந்த வருடம் டாக்டர் யோம் நன்றியுரை வாசித்து முடித்ததும் சுன்-ரே முன்னால் போனாள்.

"டாக்டரம்மா, பண்டிகைக்கு நாலு நாள் எலிங்கள ஜோடி ஜோடியா சேத்து வச்சிருந்தேன். நீலத்தையும் மஞ்சளையும்."

டாக்டர் யோம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் பேரு ஏழாவதா இருந்துச்சுன்னு எனக்குத் தெரியும்க்கா."

"அதுக்காகச் சொல்லல. நெசமாவே வச்சேன்."

"பதிவேட்ல இல்லையே."

"எழுதல."

"யாராவது பாத்தாங்களா?"

சுன்-ரே தட்டிலிருந்த எலித்தீனியைப் பார்த்தாள். "யாரும் பாக்கல."

"இத நான் எப்படிக்கா குழுகிட்ட சொல்றது? இன்னும் நாப்பத்தெட்டு எலிக்குப் பக்கவாதம் வரவைக்கணும். உங்க வார்த்தைய மட்டும் நம்பி அதச் செய்ய முடியாது. போங்க, போய்ப் பேரிக்காய் சாப்பிடுங்க." அவர் குரலில் இரக்கம்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை.

[எலிகளின் மலத்தைச் சோதித்தால் தெரிந்துவிடுமே என்கிறீர்கள். வித்தியாசம் இல்லை என்றதும் எலிகளையும் மாதிரிகளையும் எரித்தாயிற்று.]

இந்த இடத்துக்கு மேல் கதை நகரமாட்டேன் என்கிறது. இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் சுன்-ரே வீட்டிலேயே கணவருக்கு எதையோ கரைத்துப் புகட்டுகிறாள். அதைக் கிழித்துப் போட்டேன், படித்துவிட்டு யாராவது செய்து பார்த்துத் தொலைப்பார்கள். இன்னொன்றில் பியோங்-சு இரண்டாவதாக ஒரு சொல் பேசுகிறார். நீங்கள் அழுகிறீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது, அதையும் கிழித்தேன்.

6

மூன்றாம் பகுதியில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். எலி அறையில் அவள் தனியாக இல்லை.

பண்டிகை அன்று காலை மூன்றாம் மாடிக்கு வந்து, "ஒண்டியா உக்காந்திருப்பன்னு தெரியும், எந்திரிச்சு கீழ வா" என்று கூப்பிட்டாள். கீழ்த்தளத்துக்கு எனக்கு அனுமதி கிடையாது. தன் அட்டையைத் தேய்த்து உள்ளே விட்டாள். எலி அறைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவள் அவித்துக் கொண்டுவந்த எள்ளுப் பூரணக் கொழுக்கட்டையைத் தின்றேன். அந்தப் பக்கம் எலிகள் ஜோடி ஜோடியாக இருந்தன. பார்த்தவுடனே ஆய்வு கெட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே சொல்லியிருந்தால் டாக்டர் யோமுக்குத் தகவல் போயிருக்கும், எதனால் கெட்டது என்றாவது எழுதி வைத்திருப்பார்கள். வாயில் கொழுக்கட்டை இருந்தது. நல்ல நாளில் அவளைக் கலங்கடிக்க வேண்டாம் என்று நினைத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. கடைசியாகக் கிடைத்தது: சொன்னால் என் வேலை போகும், வேலையோடு இந்த நாட்டில் இருக்கும் உரிமையும் போகும்.

கல்லுக்கு முன்னால் டாக்டர் யோம் 'யாராவது பாத்தாங்களா' என்று கேட்டபோது நான் நாலடி தூரத்தில் பேரிக்காய்த் துண்டோடு நின்றிருந்தேன். சுன்-ரே என் பக்கம் திரும்பவே இல்லை. யாரும் பார்க்கவில்லை என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாள். அவளுக்கு இருந்த ஒரே சாட்சி நான்.

வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு கூடி ஆய்வை மூடுகிறது. நான் போய் இரண்டு வாக்கியம் சொன்னால் போதும், மூடமாட்டார்கள். அதற்குப் பதிலாக உட்கார்ந்து கதை எழுதியிருக்கிறேன். அதுவும் தமிழில். குழுவில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. டாக்டர் யோமுக்கும் தெரியாது. சுன்-ரே அக்காவுக்கும் தெரியாது. பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது அந்த வியாழன் போய் மாதம் ஒன்று ஆகியிருக்கும். இதெல்லாம் தெரிந்துதான் எழுதினேன்.

நான் போனேனா இல்லையா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை என்னைப் பற்றிப் படித்ததை மட்டும் வைத்து எழுதுங்கள். சலுகை காட்டாதீர்கள்.