பாயிண்ட் மாற்றிய அப்பா

மல்லசமுத்திரத்தில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்றொரு நம்பிக்கை உண்டு. ஊருக்கு இல்லை, எனக்கு. போர் போடும்போது தண்ணீருக்குப் பதில் புழுதி பறந்தால், வண்டியைத் தள்ளி நிறுத்தி வேறு பாயிண்டில் துளை போடுவோம். பெற்ற மகளின் கையையும் அப்படித்தான் பார்த்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

பிரீத்திக்கு மூன்று வயது. பிறந்தபோதே மூளையில் பாதிப்பு. வலது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் இடது கைதான். பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குள் அந்தக் கை ஒரு வாய்ச் சோறாவது எடுத்துவிட வேண்டும் என்று என் மனைவி வித்யா தவியாய்த் தவித்தாள். நானும்தான். ஆனால் வெளியே கெத்தாக, "ரெண்டு மூணு தெரபிய கம்பேர் பண்ணிட்டிருக்கேன்" என்று சொல்லித் திரிந்தேன்.

முதலில் சேலத்தில் ஒரு மையம். கையை நீவி, விரல்களைப் பிரித்து நீட்டிப் பழக்கினார்கள். வீட்டிலும் செய்யச் சொன்னார்கள். பலன் தெரியவில்லை என்று பாயிண்டை மாற்றினேன். அடுத்து நாமக்கல்லில் தமிழ்ச்செல்வி என்ற தெரபிஸ்ட். அவர் வழி வேறு. நன்றாக இருக்கும் இடது கைக்குத் தினமும் கொஞ்ச நேரம் துணி உறை மாட்டிவிட வேண்டும். விளையாட்டோ தீனியோ, பிள்ளை வலது கையாலேயே முயல வேண்டும்.

"அவளாப் பண்ணட்டுங்ண்ணா. நீங்க மட்டும் நடுவுல கைய உட்றாதீங்க" என்றார்.

விடுவேனா? பெரிய மனுஷனாகத் தலையாட்டினேன். வீட்டில் உறையை மாட்டியதும் பிரீத்தி உதட்டைப் பிதுக்குவாள். பாறையைத் துளைக்கிறவன் அங்கேயே கரைந்துவிடுவேன். வித்யா அடுப்படிக்குப் போனதும் உறையைக் கழற்றிவிட்டு நானே ஊட்டிவிடுவேன். கொஞ்ச நாளில் தீர்ப்பும் சொன்னேன்.

"சேலத்துதும் வேலைக்காவல, இதுவும் வேலைக்காவல புள்ள. கோயமுத்தூர்ல ஒண்ணு இருக்குதாமா."

சொல்லிக்கொண்டே மகள் வாயில் முறுக்கை வைக்கப் போனேன். வித்யா எதிரே நின்றாள்.

"சேலத்துல சொன்னத புள்ள அழுவறான்னு நிறுத்துனீங்க. இங்க உறையக் கழட்டி ஊட்டறீங்க. எதையுங்க கம்பேர் பண்ணுனீங்க?"

அவள் என் தோளிலிருந்த துண்டை உருவி, என் இரண்டு கைகளையும் பின்னால் சேர்த்துக் கட்டினாள். பிரீத்தி கைகொட்டாத குறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே அவள் இடது கையில் உறையும் மாட்டியாயிற்று.

"அப்பாவுக்குக் குடு சாமி" என்றாள் வித்யா.

தட்டில் ஆட்டையாம்பட்டி முறுக்கு. பிரீத்தியின் வலது கை நெஞ்சைவிட்டு மெல்லப் பிரிந்தது. ஒரு முறுக்குத் துண்டைத் தட்டிவிட்டது. மறுபடியும் போனது. முதுகுக்குப் பின்னால் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன்.

"எடுத்து மட்டும் குடுத்தர்றேன் புள்ள..."

"வாய மூடுங்க" என்றவள், மகளின் கை உயர்வதைப் பார்த்து, "இல்ல, தொறங்க" என்றாள்.

திறந்தேன். மடங்கிய விரல்களுக்கிடையே ஒரு முறுக்குத் துண்டு மாட்டியிருந்தது. கை ஆடி ஆடி வந்து என் மூக்கில் இடித்தது, கன்னத்தைக் கீறியது, கடைசியில் உதட்டுக்கு வந்து சேர்ந்தது.

வெட்கமே இல்லாமல் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை. வித்யாவும் கட்டை அவிழ்க்கவில்லை, அவளும் அழுதுகொண்டிருந்தாள். பிரீத்திக்கு எங்களைப் பார்க்க நேரமில்லை. அவள் அடுத்த துண்டுக்குக் குனிந்துவிட்டாள்.