நாலு கைபிடி வாங்கு

அது சந்தூக்கு இல்லை, வாங்கு என்று சொல்லிச் சொல்லியே றஸ்னாவுக்கு வாய் உலர்ந்துவிட்டது. கல்முனைக்குடியில் மரச்சாமான் வடிவமைப்பவள் என்று அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அந்த ஒருத்தியையும் ஊர் நிம்மதியாக இருக்க விடுவதாக இல்லை.

பார்த்தவர்களையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. வாங்கு என்றால் பெஞ்சுதான், ஆனால் இது ஆள் படுக்கிற நீளம். தோணியின் விளிம்பைப் போல இரு பக்கமும் எழும்பிய பலகை. உட்காருவதற்கு வலைக்கயிற்றுப் பின்னல். நாலு மூலையிலும் வெளியே நீண்ட கைபிடி. கரைவலைக்காரர்கள் தோணியைக் கடலில் இறக்கும்போது குறுக்கே கம்பு கொடுத்துத் தோளில் தூக்குவார்களே, அதை வருடக்கணக்கில் பார்த்துத்தான் அந்தக் கைபிடிகளை வைத்தாள். தனி ஆளால் அசைக்க முடியாத ஒரு சாமான் செய்ய வேண்டுமென்பது அவளுடைய ஆசை. ஊருக்கோ அதைக் கண்டதும் இறந்தவரின் ஜனாஸாவைச் சுமக்கிற சந்தூக்குதான் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டு நதீரா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவள், ஆர் என்னவென்று கேட்காமலே அழத் தொடங்கிவிட்டாள்.

"அந்தக் கைபிடிய வெட்டிரு மகள். பாக்கவே பயமா இரிக்கி," என்றாள் உம்மா.

"கைபிடிய வெட்டினா அதுல என்ன உம்மா மிச்சம்?"

கொழும்பில் கண்காட்சி. முதன்முதலாக அவளுடைய சாமானைக் கேட்டு எடுக்கிறார்கள். ஏற்றிப்போக வருகிற லொறி குறுகலான ஒழுங்கைக்குள் நுழையாது, மெயின் ரோட்டில்தான் நிற்கும். அதுவும் கொஞ்ச நேரந்தான். லொறியை விட்டால் கண்காட்சியையும் விட வேண்டியதுதான். காலையிலிருந்து தூக்க ஆள் தேடினாள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் மரைக்காராக இருக்கிற உம்மாவின் அண்ணன் றவூப் மாமா முதுகு வலி என்றார். முனைக்கடை அபுல் ஹஸன் கடையை விட்டு வர ஏலாது என்றார். மற்றவர்களோ, யாரும் இறக்காமல் அதைத் தொடுவது சரியில்லை என்று நழுவினார்கள். கடைசியில் அவளுடன் பிறந்த காக்கா றாஸிக்தான், தன்னோடு கடலுக்குப் போகும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

கீறல் விழக்கூடாதென்று உம்மா வெள்ளைப் படுக்கை விரிப்பை மேலே போட்டுச் சுற்றிக் கட்டினாள். எரிச்சலில் இருந்த றஸ்னா அதைக் கவனிக்காமல் விட்டாள். அங்கேதான் பிழை விழுந்தது.

நண்பகல் லுஹர் தொழுது ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வெளியே வருகிற நேரம். நால்வரும் வாங்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு ஒழுங்கையைத் தாண்டினார்கள். மோட்டார் சைக்கிள்கள் ஓரம் கட்டின. ஒருவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு பின்னால் சேர்ந்தார். விஷயம் விளங்கிய றாஸிக், "வாங்கு, வாங்கு," என்று பெலத்துச் சொன்னான். பாரம் தாங்காமல் கைமாற்றக் கூப்பிடுகிறான் என்று நினைத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். அபுல் ஹஸன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து அவன் தோளிலிருந்த கைபிடியை வாங்கிக்கொண்டார். யார் மௌத்து என்று யாரும் கேட்கவில்லை. பள்ளியில் அறிவிக்கவே இல்லையே என்று மட்டும் ஒருவர் குறைப்பட்டார்.

றஸ்னா பின்னால் ஓடினாள். வயதானவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "பொம்புளைகள் ஜனாஸாவுக்குப் பின்னால வாறல்ல மகள். வீட்ட போய் உம்மாக்குப் பக்கத்தில இரிங்க," என்றார். அவள் சொன்ன எதுவும் ஆட்கள் ஓதிய கலிமாச் சத்தத்தில் எடுபடவில்லை. தான் செய்த சாமானுக்குப் பின்னால் தானே நடக்க முடியாத கொடுமையை எங்கே போய்ச் சொல்வது? அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

சந்தியில் வலப்பக்கம் திரும்பினால் மெயின் ரோட். கூட்டம் இடப்பக்கம், பள்ளிக்குத் திரும்பியது. தோள் மாறி மாறி, புறப்பட்ட நால்வரில் ஒருவர்கூட இப்போது கைபிடியில் இல்லை. மெயின் ரோட்டில் லொறி ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது.

பள்ளி முற்றத்தில் இறக்கி வைத்தார்கள். முன் கைபிடியில் றவூப் மாமா நின்றார். வேர்த்துக் கொட்டியது.

"ஆரு மகள் மௌத்து?" என்று தணிவாகக் கேட்டார்.

றஸ்னா விரிப்பை இழுத்து எறிந்தாள்.

"காலையில கேட்டன் மாமா. முதுகு வலி எண்டீங்க. அவரு கடைய விட்டு வர ஏலா எண்டாரு. நான் மௌத்தானாத்தான் எனக்குத் தோள் குடுப்பீங்களோ?"

அபுல் ஹஸன் தலை குனிந்துகொண்டார். மாமா பின்னலை விரலால் அழுத்திப் பார்த்தார். லொறி மறுபடி ஹோர்ன் அடித்தது. அவர் குனிந்து கைபிடியைப் பிடித்தார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கீங்க? புடிங்க."

மற்ற மூன்று கைபிடிகளுக்கும் ஆள் வந்தது. மெயின் ரோட் வரை றஸ்னா பின்னாலேயே நடந்தாள். திரும்பிப் போ என்று இந்தமுறை யாரும் சொல்லவில்லை.

தோளில் சுமந்து வருகிற கூட்டத்தைக் கண்டதும் லொறிக்காரன் ஹோர்னை விட்டுவிட்டுக் கீழே இறங்கி மரியாதையாக நின்றான்.

"மௌத்து ஆரு ஹாஜி?" என்றான்.

றஸ்னா வாயைத் திறக்குமுன் மாமா முந்திக்கொண்டார்.

"கண் தெரியாதா? இது சந்தூக்கில்ல, வாங்கு," என்றார் எரிச்சலோடு.