பத்திரிகை வைக்காத வீடு

ஈப்போவில் இரண்டு நாள் பயிற்சி முடிந்து பீடோர் பஸ்ஸில் ஏறியபோது ஜெயபாலனுக்குத் தலை கிறுகிறுத்தது. செய்தித்தாளை வைத்துப் பாடம் நடத்த வேண்டுமாம். படத்தை வெட்டு, தலைப்பை ஒட்டு, யார், எங்கே, எப்போது, ஏன் என்று பிள்ளைகளைக் கேள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பயிற்சி கொடுத்த யாழ்ப்பாணத்து அன்னபாக்கியம் அம்மையார் திங்கட்கிழமை அவனுடைய தோட்டத் தமிழ்ப்பள்ளி வகுப்புக்கே வரப்போகிறார் என்பதுதான் உதைத்தது. அவர் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால் ஆறு வருடத் தற்காலிக வேலை நிரந்தரமாகும். இல்லையென்றால் வருடக் கடைசியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"வகுப்பிலை பேப்பர் எண்டு சொல்லாதையுங்கோ தம்பி," என்று அம்மையார் வேறு சொல்லி அனுப்பியிருந்தார். "பத்திரிகை எண்டு வடிவாச் சொல்லுங்கோ."

வெள்ளிக்கிழமை அப்படியே சொன்னான். "ஆளுக்கொரு பத்திரிகை வீட்டிலேர்ந்து கொண்டு வரணும்." பதினேழு பிள்ளைகளும் பெரிய மனிதர்கள் மாதிரி தலையாட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை அம்மையார் கடைசி பெஞ்சில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். "பத்திரிகைய எடுங்க," என்றான் ஜெயபாலன்.

எடுத்தார்கள். எல்லாமே மூலையில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள்!

"என்னலா இது?"

"சார் தானே பத்திரிகை கேட்டீங்க?" என்றான் முதல் பெஞ்சு சீனி.

தோட்டத்தில் செய்தி வருவது பேப்பரில். பத்திரிகை என்றால் தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து வைப்பது. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? இரண்டு நாள் ஈப்போ வாசம் மறக்கடித்துவிட்டது.

வேறு வழியில்லை. கரும்பலகையில் யார், எங்கே, எப்போது என்று எழுதினான். கல்யாணத்துக்கு 'ஏன்' எதற்கு என்று அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டான். பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சித்தியவான் மண்டபம், ஆயர் தாவார் கோயில், தை மாதம், காலை ஒன்பது மணி என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அம்மையார் வேகமாக எழுதினார். மெச்சி எழுதுகிறாரா, குறை சொல்லி எழுதுகிறாரா, ஒன்றும் பிடிபடவில்லை.

சீனி எழுந்து தன்னுடையதைப் படித்தான். "மணமகன் ஜெயபாலன்!"

வகுப்பே சிரித்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய அவன் கல்யாணப் பத்திரிகை. இன்னும் நாலு பேர் கையிலும் அதுவே இருந்தது. அம்மையார்கூடச் சிரித்துவிட்டார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டபோதுதான், காளியம்மா வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தது கண்ணில் பட்டது.

"மறந்துட்டியா?"

"இல்ல சார். அம்மா பொட்டியெல்லாம் கொட்டிப் பாத்துச்சு. எங்க வீட்டுக்கு யாரும் பத்திரிகை வைக்க மாட்டாங்களாம்." அவள் சீனியின் கையையே பார்த்தாள். "சாரும் வைக்கலியா?"

வைக்கவில்லை. அம்மா சொன்ன வீடுகளுக்கெல்லாம் தட்டைத் தூக்கிக்கொண்டு போனவன், பொதுத் தண்ணீர்க் குழாயடி வரை போய்த் திரும்பிவிட்டான். குழாய்க்கு அந்தப் பக்கம் கடைசி லயத்து வீடுகள். அங்கே கை நனைக்கும் வழக்கம் தோட்டத்தில் மற்றவர்களுக்கு இல்லை. ஆனால் பந்தலுக்கு மூங்கில் வெட்டிச் சுமந்து வந்தது இவள் அப்பா மாயாண்டிதான். இது இத்தனை நாள் உறுத்தவே இல்லையே என்று இப்போது உடம்பெல்லாம் கூசியது.

"இல்லம்மா," என்றான்.

"ஏன் சார்?"

அம்மையாரின் பேனா நின்றிருந்தது.

"தெரியலம்மா."

பொய். மற்ற பதினாறு பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

சார் திட்டு வாங்கப் போகிறார் என்று நினைத்தாளோ என்னவோ, காளியம்மா எழுந்து நின்றாள்.

"தாப்பா சார், பரவால்ல. எங்க வீட்ல பேப்பர்தான் இருக்கு. அப்பா தினம் வாங்கிட்டு வரும். அது ஆவாதா?"