எட்டாம் வகுப்பில் வத்தல் நெடி

நோய்த்தொற்றுக்குப் பயந்து ஒன்றரை வருஷமாகப் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தைத் திறக்கப் போகிறார்கள் என்று சேதி வந்ததும், பிள்ளைகளை எங்கே தள்ளித் தள்ளி உட்கார வைப்பது என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. மிளகாய் வத்தல் மூட்டைகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் கேட்டார்கள்.

விளாத்திகுளத்துக்கு மேற்கே அந்தக் கரிசல் ஊரில் மழைக்கு ஒழுகாத பெரிய கட்டடம் நடுநிலைப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். கோடையில் காயப்போட்டு அள்ளிய வத்தலை, விலை ஏறட்டும் என்று எட்டாம் வகுப்பு அறையில் கூரை முட்ட அடுக்கியிருந்தார்கள். சாவி அய்யாத்துரையின் அரைஞாணில் தொங்கியது. மூட்டைகளில் பாதி அவருடையவை.

அவருடைய மூத்த மகள் சத்யபிரியா கோவில்பட்டிக்குத் தினமும் பஸ்ஸில் போய் கணக்கில் பட்டம் வாங்கியவள். அந்த வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வந்ததும் வேலை வரவில்லை, கோபம் வந்தது. இளையவள் காளீஸ்வரி ஆறாம் வகுப்பில் இருக்கும்போது பள்ளியைப் பூட்டினார்கள். ஏழாம் வகுப்பை அவள் தீப்பெட்டி ஆபீஸில் படித்தாள் என்று சத்யபிரியா எல்லோரிடமும் சொல்லிக் காட்டுவாள். உண்மையும் அதுதான். ஆபீஸ் என்று ஊரில் சொல்வது தொழிற்சாலையை. காலையில் அதன் வேன் வரும், ஊர்ப் பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். அங்கே பெட்டி அடைத்து அடைத்துக் காளீஸ்வரியின் விரல் நுனி மரத்துப் போயிருந்தது. போன வாரம் அக்கா கொடுத்த பேனாவை அவள் தீக்குச்சியைப் பிடிப்பதுபோல நுனியில் பிடித்தாள். அன்றைக்கு ராத்திரி சத்யபிரியா சாப்பிடவில்லை.

அப்பாவோடு மூன்று நாள் சண்டை போட்டு ஒரு வாக்கு வாங்கினாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறந்து ஒழுங்காக நடந்தால் காளீஸ்வரி போகலாம். நடக்காவிட்டால் அவள் வேனில் ஏறவேண்டியது, அப்புறம் படிப்பு என்ற பேச்சையே சத்யபிரியா எடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை முணுமுணுத்துக்கொண்டே மூட்டைகளை நகர்த்தினார்கள். மற்றவர்களுடையது அவரவர் வீடுகளுக்குப் போனது. அய்யாத்துரையின் வீடு ஒழுகும். அதனால் அவருடைய மூட்டைகளை மட்டும் அறையின் பின்சுவரோடு ஒதுக்கித் தார்ப்பாயால் மூடினார். பிறகு விளக்குமாறு எடுத்து அறையைப் பெருக்கினார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிக்காமல். வத்தல் கிடக்கும் இடத்தில் ஈரம் ஆகாது. பூசணம் பிடித்தால் வருஷ உழைப்பு குப்பைக்குப் போகும். அது அந்த ஊர்க் கையில் ஊறிப்போன பழக்கம். வத்தல் பொடி எழும்பி பெஞ்சிலும் சன்னல் கம்பியிலும் கரும்பலகையிலும் பூசினாற்போல உட்கார்ந்தது.

திங்கட்கிழமை பிள்ளைகள் முகக்கவசம் போட்டு வந்தார்கள். வாசலில் தலைமையாசிரியை ரசியா டீச்சர் ஒவ்வொரு நெற்றியிலும் காய்ச்சல் மானியைக் காட்டினார். ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை, இருமலும் இல்லை. எட்டாம் வகுப்பு உள்ளே போய் உட்கார்ந்தது. டீச்சர் மின்விசிறியைப் போட்டார்.

முதலில் ஒரு தும்மல். அப்புறம் இருமல். அப்புறம் அறை முழுக்க இருமல்.

சோதிக்க வந்திருந்த சுகாதார ஆய்வாளர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அவர் பேரில் தப்பில்லை. சித்திரை, வைகாசியில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை பேரைத் துணியில் சுற்றி அனுப்பினார்கள் என்று கண்ணால் பார்த்தவர். பிள்ளைகளை உடனே வெளியே அனுப்பச் சொன்னார். எல்லோருக்கும் பரிசோதனை, தீபாவளி முடியும்வரை பள்ளி மூடல் என்றார். ரசியா டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். டீச்சருக்கும் இருமல் தாங்கவில்லை.

எல்லாவற்றையும் வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான் சுடலைராஜ். ஆபீஸுக்கு ஆள் பிடிப்பவன், அய்யாத்துரைக்குத் தூரத்துச் சொந்தம். கதவைத் திறந்து வைத்துச் சிரித்தான்.

"ஏறுங்கட்டி. எங்க ஆபீஸ்ல இருமுனா யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டோம்."

பிள்ளைகள் தயங்கித் தயங்கி ஏறினார்கள். அய்யாத்துரை காளீஸ்வரியைப் பார்த்துத் தாடையை அசைத்தார். அவள் அக்காவைப் பார்க்காமல், பையைத் தோளிலிருந்து கழற்றாமலே போய் ஏறினாள்.

சத்யபிரியா ஆய்வாளருக்கு எதிரே போய் நின்றாள். வாசலில் யாரும் இருமவில்லையே, உள்ளே போனதும்தானே இருமினார்கள், அதை யோசித்தீர்களா என்று கேட்டாள். அவர் கையை ஆட்டி விலகச் சொன்னார். அவள் விலகவில்லை.

"உள்ள வந்து ரெண்டு நிமிஷம் இருங்க சார். அப்புறம் மூடுங்க. நானே பூட்டித் தாரேன்."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. போகாவிட்டால் கௌரவம் இல்லை என்று அவர் உள்ளே போனார். மேலதிகாரிக்குப் போன் போட்டு, பேசுவதற்காக முகக்கவசத்தைக் கொஞ்சம் இறக்கினார். "வணக்கம் சார்" என்பதற்குள் தும்மினார். தும்மித் தும்மிக் கண்ணில் தண்ணீர் கொட்ட, போனை வைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"இனி உங்களையும் பதினாலு நாள் வீட்டுல உக்கார வைக்கணும் போலுக்கே சார்" என்றாள் சத்யபிரியா.

குழாயடியில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஆய்வாளருக்கு முகம் சிவந்தது, வெட்கமோ வத்தலோ. ஆனாலும் மனுஷர் நியாயஸ்தர். மூக்கைத் துடைத்துவிட்டு, பரிசோதனை எடுக்கத்தான் வேண்டும், அதில் மாற்றமில்லை என்றார். எடுங்கள், முதலில் என் மூக்கில் குச்சியை விடுங்கள் என்றாள் அவள். மூட்டைகளை எடுத்து அறையை இன்றைக்கே கழுவிவிட்டால் வெராண்டாவில் தள்ளி உட்கார வைத்துப் பாடம் நடத்தலாம், கழுவாவிட்டால் பூட்டுதான் என்று ஆய்வாளர் முடித்தார்.

எல்லோரும் அய்யாத்துரையைப் பார்த்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். கிழக்கே மேகம் கறுத்து, ஐப்பசித் தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"இந்த மழையில எங்கன கொண்டுபோய் வைக்க? வாயிருக்குன்னு பேசாதட்டி. நீ படிச்சதும் இந்த வத்தல்லதான்."

"அவளும் இதுலயே படிக்கட்டும்ப்பா. இல்லைன்னா எனக்கெதுக்குப் படிப்பு வாங்கிக் குடுத்தீய?"

அவர் தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்துவிட்டு மூட்டைகளுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சத்யபிரியா குழாயடிக்குப் போனாள். அங்கே அம்மா நின்றிருந்தாள். மகள் எதற்கு வருகிறாள் என்று தெரியாத அம்மா இல்லை. நிறைந்திருந்த குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சத்யபிரியா குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வகுப்பறை வாசலில் நின்றாள். அந்த அறையின் தரை பின்சுவரை நோக்கிச் சரிவு. அறையைக் கழுவினால் தண்ணீர் எங்கே போய்த் தேங்கும் என்று, அங்கே எட்டாம் வகுப்பு படித்த அவளுக்குத் தெரியும். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். குடத்தைச் சரித்துக் கொட்டிவிட்டாள்.

சிவப்புப் பொடியைச் சேர்த்துக்கொண்டு தண்ணீர் மூட்டைகளைப் பார்த்து ஓடியது.

அய்யாத்துரை ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அவளை அடிக்கக் கையை ஓங்கினார். அதற்குள் தண்ணீர் பாதி தூரம் வந்துவிட்டது. அடிப்பதா மூட்டையைக் காப்பாற்றுவதா என்று நினைக்க நேரமில்லை. முதல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே பாய்ந்தார். வெளியே மழை, வெராண்டாவில் சாரல். நனையாத இடம் கண்ணுக்கெட்டின தூரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நேராக வேனுக்குப் போனார்.

"ஏட்டி, இறங்குங்க எல்லாரும்" என்றார் உள்ளே பார்த்து.

"மாமா, ஆபீஸ்ல ஆள் கேப்பாவ" என்று சுடலைராஜ் கதவை மறித்தான்.

"வத்தல் நனையுதுலே. தள்ளு."

அவன் தள்ளவில்லை. மூட்டையாலேயே அவனை இடித்துத் தள்ளினார். பிள்ளைகள் ஒவ்வொருவராகக் குதித்து இறங்கினார்கள். கடைசியாகக் காளீஸ்வரி. அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் அப்பா மூட்டையை இறக்கினார். ஊர்க்காரர்களும் கைகொடுக்க, வேன் கூரைவரை நிறைந்தது. அய்யாத்துரை முன்சீட்டில் ஏறிக்கொண்டார். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவது என்று, வண்டியை விளாத்திகுளம் கமிஷன் கடைக்கு விடச் சொன்னார். மகள் பக்கம் திரும்பவே இல்லை.

வத்தலுக்கு இடம் வேண்டும் என்றுதான் அப்பா தங்கையை இறக்கினார், மனசு மாறியில்லை. அது சத்யபிரியாவுக்கு நன்றாகவே தெரியும். சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும் வீட்டில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். நடக்கட்டும் என்று நினைத்தாள். நாளைக்குக் காலையும் வேன் வரும். வரட்டும், அவளும் வாசலில்தான் நிற்பாள்.

காளீஸ்வரி பையை வெராண்டாவில் வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகினாள்.

"அக்கா, இன்னொரு குடம் கொண்டா" என்றாள். "மூலையில இன்னும் காரமா இருக்கு."