மூன்றாம் மைக்

மூன்றாவது தடவையும் அதே பாட்டை அவர் போட்டபோது அவள் மேசையைத் துடைப்பதை நிறுத்தினாள். சாப்பாட்டு மேசைமேல் செல்போன், அதில் சனிக்கிழமை எல்லாரும் பாடியதன் பதிவு. அதன்மேல் குனிந்தபடி கணவர். முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் இருந்து ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்றவர். மலைக்குக் குடிவந்த பிறகும் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். மகள் நச்சரித்து வாங்கிக்கொடுத்த காது மெஷின் போன வாரம்தான் வந்தது. வேண்டவே வேண்டாம் என்றவர், மாட்டிய மறுநிமிஷம் ஜன்னலைத் திறந்து, "இந்தக் குருவியெல்லாம் இத்தனை நாள் எங்க போயிருந்துது?" என்றார். அவளும் அசட்டுத்தனமாகச் சிரித்து வைத்தாள்.

"என் இருமல் இருக்கு," என்றார் இப்போது. "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி, தெளிவா இருக்கு. பாட்டுல மட்டும் நான் இல்ல."

சனிக்கிழமை காலைகளில் பல் டாக்டர் வீட்டு ஹாலில் நற்செய்திப் பாட்டு. எல்லாம் ஓய்வு பெற்ற கூட்டம். டாக்டர் கீபோர்டு, தபால்காரர் கிடார். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கில் பனி விலகும், உள்ளே பாட்டு எழும்பும். மகளை விட்டுவிட்டு இந்தக் குளிரில் வந்து கிடக்கமாட்டேன் என்று அழுது அடம்பிடித்தவள் அவள். அவளை இங்கே இருக்கவைத்தது மலையுமில்லை, மரமுமில்லை, அந்த இரண்டு மணி நேரம்தான். அவள் இரண்டாம் குரல். முதல் குரலுக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் தாங்கி நிற்கிற குரல். வாழ்நாளில் அவள் குரலை நாலு பேர் நின்று கேட்டது அங்கேதான்.

மாஸ்டருக்குக் காது மந்தமாக ஆக, சுருதி ஒரு தண்டவாளத்தில் போனது, அவர் ஒரு தண்டவாளத்தில் போனார். போனதும் சும்மா போகவில்லை, ஊரையே எழுப்பிக்கொண்டு போனார். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் தைரியமில்லை. "நீங்களே பாத்து ஏதாவது பண்ணுங்கம்மா," என்று டாக்டர் அவளிடம் வந்து நின்றார். மைக்குகளின் சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் பெட்டி பக்கத்தில் உட்காருவது அவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவளுக்குச் சுவிட்சுகளைப் பழக்க வேண்டுமா? லைனில் யாராவது காட்டுக்கத்தல் கத்தினால் அங்கே ஒரு வைத்தியம் உண்டு. சத்தமில்லாமல் லைனைத் துண்டிக்கும் சாவியைத் தட்டிவிடுவார்கள். கத்துகிறவன் ஆள் யாருமில்லாத லைனில் ஆசைதீரக் கத்திவிட்டு, திருப்தியாகப் போனை வைப்பான். யாருக்கும் மனசு நோகாது. அதே வைத்தியத்தைத்தான் மாஸ்டரின் மூன்றாம் மைக்குக்குச் செய்தாள். அவர் பாட வாய் திறந்தால் அணைப்பாள், சரணம் முடிந்தால் திறப்பாள். பதினொரு மாதம். பக்கத்தில் நிற்பவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். ஸ்பீக்கரும் பதிவும் பிழைத்தன.

வாசலில் கைத்தடிச் சத்தம். தினமும் மரங்களுக்கு நடுவே நடக்கப் போக மாஸ்டரைக் கூப்பிட வருகிற பல் டாக்டர்தான்.

"டாக்டர், ஒண்ணு கேக்கறேன், ஒளிக்காம சொல்லுங்க. என் மைக்கை அணைச்சது யாரு?"

டாக்டர் மாஸ்டரின் தோளுக்கு மேலே அவளைப் பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. அவள் சொல்லிக்கொள்ள வேண்டிய நேரத்தைக் கொடுத்துவிட்டு நின்றார். சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. மேசைத் துணியின் ஒரு கறையை விரலால் தேய்த்தாள்.

"நான்தான் சார்," என்றார் டாக்டர். "மன்னிச்சுக்குங்க."

"எத்தனை நாளா?"

"ரொம்ப நாளா."

மாஸ்டர் கதவைச் சாத்தவில்லை. அது கத்துவதைவிட மோசம். திறந்த கதவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார், கைத்தடிச் சத்தம் சரிவில் இறங்கித் தேயும்வரை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்கு வந்ததோ ஒரு கணம் நிம்மதி. அதற்காகத் தன்மேலேயே காறித்துப்ப வேண்டும்போல் இருந்தது.

"ஒட்டு உறவெல்லாம் இதோட போச்சு," என்றார் மாஸ்டர். "அந்த வீட்டுப் படிய இனி நீயும் மிதிக்கக் கூடாது. உனக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருந்திருப்பியா? நாப்பது வருஷத்துல நீ ஒருத்திதான் என்னை ஏமாத்தினதில்ல." காது மெஷினைக் கழற்றி இழுப்பறைக்குள் போட்டார். "இந்த ஊர்ல எனக்குக் கேக்க ஒண்ணுமில்ல."

அடுத்த சனிக்கிழமை பனி சீக்கிரமே விலகிவிட்டது. கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தவளுக்குச் சரிவின் கீழே டாக்டர் வீட்டிலிருந்து பாட்டு கேட்டது. தன் குரல் இல்லாத இடம் பொத்தலாகத் தெரியும் என்று நினைத்திருந்தாள். தெரியவில்லை. டாக்டர் மனைவி இரண்டாம் குரலை எடுத்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே பாடினாள்.

"என்ன மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" மாஸ்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார். மெஷின் இல்லாத காதுக்குக் கீழே பாடுவது எட்டவில்லை. "அவங்க இல்லன்னா நமக்குப் பாட்டு இல்லையா? வா, உக்காரு. நாமளே பாடுவோம்."

ஆரம்பித்தார். மலையே கேட்கிற குரல், எங்கெங்கோ அலைகிற சுருதி. எங்கே பிடித்துக்கொள்வது என்று அவள் இரண்டு வரி தேடினாள். கிடைக்கவில்லை. கீழே அங்கே அவர்கள் இரண்டாவது சரணத்துக்குப் போயிருந்தார்கள். ஈரத்துணியை மடியில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி, அவள் வாயை மட்டும் அசைத்தாள்.

அவர் முகம் மலர்ந்தது. அவள் முழங்காலில் தாளம் போட்டபடி, "இப்பதான் சரியா சேருது," என்றார்.