மேல் அலமாரி டப்பா

பஸ் நிற்பதற்குள் சுகுணா குதித்துவிட்டாள். கண்டக்டர் திட்டியது காதில் விழவில்லை. காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, செருப்பு வார் அறுந்ததும் அதையும் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். புரட்டாசிச் சனிக்கிழமை. உச்சிப்பொழுதில் பெருமாளுக்குப் படையல். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

தர்மபுரி ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றபோதுதான் புருஷன் முருகேஷ் போன் செய்தான். பால் திரிந்துவிட்டதாம். அவன் அம்மா மேல் அலமாரியில் இருந்த பால் பவுடரை எடுத்துப் பாயாசத்தில் கொட்டிவிட்டாளாம்.

பால் பவுடர் இல்லை. பழைய பால் பவுடர் டப்பாவில் சுகுணா ஒளித்துவைத்த கொலாஜன் பவுடர். மீன் தோலில் இருந்து எடுத்தது. சூடான பாலில் கலந்து குடித்தால் சுருக்கம் போய்த் தோல் புதிதாகும் என்று போன் வீடியோவில் ஒரு பெண் சொல்வதைக் கேட்டு ஆடிக் கடைசியில் வரவழைத்தாள். கடைக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். நாற்பது தாண்டிய முகங்களை ஒவ்வொன்றாகக் குடோனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பவுடரைக் குடித்த முதல் சில நாள் நெஞ்சில் லேசான கவுச்சி வாடை நின்றது. பிறகு பழகிவிட்டது. ஆவணி முடிவில் மேனேஜரே, "முகம் நல்லா தெளிஞ்சிருக்கே" என்றார். சுகுணா கவுன்ட்டரில் தங்கினாள். புரட்டாசி பிறந்ததும் குடிப்பதை நிறுத்தினாள். டப்பாவை மட்டும் எறிய மனசு வரவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? மாசம் முழுக்க முட்டைகூட உள்ளே வராத வீட்டில், சாமிக்கு வைக்கிற பாயாசத்தில் மீன் என்றா? மாமியார் தீர்த்தம்மாள் அதற்குப் பிறகு அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பாளா?

வாசலில் முருகேஷ் நாமம் போட்டுக்கொண்டு நின்றான். அவனை இடித்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். பாயாசம் கொதித்துக்கொண்டிருந்தது. முந்தானையால் குண்டானைப் பிடித்து இறக்கினாள்.

"இத படைக்க வேணாங்க அத்தை."

தீர்த்தம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கக்கத்தில் இடுக்கிய அறுந்த செருப்பு. எட்டிப் பார்த்த மகனை வாழையிலை அறுத்துவரச் சொல்லித் துரத்தினாள். கதவைச் சாத்தினாள்.

"செருப்ப வெளிய போடு மொதல்ல. அடுப்படிக்குள்ளயா கொண்டாருவ?" குரலைத் தாழ்த்தினாள். "அதுல கவுச்சி இல்ல. கடையில வாங்கி நான் மாத்திக் கொட்டுன பால் பவுடரு. ஆவணி முச்சூடும் நீ குடிச்சதும் அதான்."

சுகுணாவின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"அப்ப அந்தப் பவுடரு?"

தீர்த்தம்மாள் குண்டானைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். கரண்டியால் கிண்டினாள். திரும்பாமலே பேசினாள்.

"நாந்தான் குடிச்சேன்."

"நீங்களா?"

"தோலு புதுசா வரும்னு உன் போன்ல அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல? ரேஷன் கடை மிஷின்ல என் விரல் ரேகை விழவே மாட்டேங்குது. தொடைச்சு வை, அழுத்தி வைங்கிறான். பின்னாடி நிக்கிறவளுங்க சிரிக்கிறாளுங்க. நான்தான் தீர்த்தம்மான்னு நானே சொன்னாலும் மிஷினு ஒத்துக்க மாட்டேங்குது."

கல்யாணமாகி வந்த நாள் முதல் புளி தட்டி, கொட்டை எடுத்துக் கூலி வாங்கிய கை அது. சுகுணாவுக்கு அது தெரியும். அந்த விரல்களைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

"அடுத்த வாரம் அரிசி போடுறான்" என்ற தீர்த்தம்மாள் கட்டைவிரலை முந்தானையில் துடைத்து, அடுப்பு வெளிச்சத்தில் நீட்டினாள். "உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்ல. பாரு, எதாச்சும் மொளைச்சிருக்கா?"

சுகுணா குனிந்தாள். விரல் நுனி கூழாங்கல் மாதிரி வழவழத்துக் கிடந்தது. தீ அசைந்தபோது நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. ஒட்டிக் காய்ந்த பாலாடையாகவும் இருக்கலாம். அவள் இன்னும் கிட்டே குனிந்தாள்.